ரத்தம் கட்டிய உடம்புக்கு எடை குறைக்கும் ஒப்பரேஷன்: தலவாக்கலைத் தங்கச்சிக்கு ஒரு விரிவான பதில்

கேட்டிருப்பவர் தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டமொன்றில் இருக்கும் ஒரு தங்கச்சி. வயது 38, உயரம் 155 சென்ரிமீற்றர், எடை 112 கிலோ. சீனி வருத்தமும் பிரஷரும் இருக்கிறது. ஆறு வருஷத்துக்கு முன் இரண்டாவது பிள்ளை சிசேரியனில் பிறந்த இரண்டாம் வாரம் இடது காலில் ரத்தம் கட்டி, அதில் ஒரு துண்டு நுரையீரலுக்கும் போய்விட்டது. ஆறு மாதம் வார்பரின் என்ற, ரத்தம் உறையாமல் தடுக்கும் குளிசை குடித்தார், பிறகு கிளினிக்கில் நிறுத்தச் சொன்னார்கள். இப்போது கொழும்பில் ஒரு சத்திரசிகிச்சை நிபுணர், இரைப்பையைச் சிறிதாக்கும் ஸ்லீவ் ஒப்பரேஷன் செய்யலாம் என்கிறார். மாமியோ "ஒருக்கா ரத்தம் கட்டுன உடம்புல கத்தி வைக்கக் கூடாது" என்று மறிக்கிறார். செய்யலாமா, திரும்பக் கட்டுமா, வயிற்றுக்குள் வலை மாதிரி ஏதோ வைப்பார்களாமே அது வேண்டுமா, ஆயுசு முழுக்க மருந்து குடிக்க வேண்டி வருமா என்பவை கேள்விகள்.

செய்யலாம், தங்கச்சி. முன்பு ரத்தம் கட்டியவர்களுக்கும் உலகம் முழுக்க இந்த ஒப்பரேஷன் நடக்கிறது, பெரும்பாலானவர்கள் நல்லபடியாக வீடு திரும்புகிறார்கள். அதற்காக மாமியின் பயம் வெறும் பயம் என்று சொல்ல மாட்டேன். எடை குறைக்கும் ஒப்பரேஷனுக்குப் பிறகு உயிர்போகும் காரணங்களில் நுரையீரலுக்குப் போகும் ரத்தக்கட்டி முன்வரிசையில் நிற்கிறது. ஆனால் அந்த ஆபத்து எந்த நேரத்தில் வருகிறது என்பதைத்தான் நம் ஆட்கள் தெரிந்துகொள்ள வேண்டும். தியேட்டருக்குள் போகும் நாளை நினைத்துத்தான் எல்லாரும் நடுங்குகிறார்கள். கட்டி வருபவர்களில் பெரும்பாலானோருக்கு அது வருவதோ வீட்டுக்கு அனுப்பிய பிறகு, முதல் நான்கு வாரத்துக்குள். அந்த நான்கு வாரத்தில் பெரும்பகுதி நீங்கள் கொழும்பில் இருக்க மாட்டீர்கள், மலையில் லயத்தில் இருப்பீர்கள். ஆகவே டொக்டரிடம் "ஒப்பரேஷன் செய்யலாமா" என்று மட்டும் கேட்டுவிட்டு வராதீர்கள். "வீட்டுக்குப் போன பிறகு வரும் மாதத்துக்கு என்ன ஏற்பாடு" என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்கு எழுத்தில் பதில் கிடைக்கும்வரை திகதி குறிக்க வேண்டாம்.

நான் உங்கள் டொக்டர் இல்லை. சத்திரசிகிச்சை வார்டிலும் வார்பரின் கிளினிக்கிலும் தாதியாக வேலை செய்தவள், மலையகத்தில் பிறந்தவள். அந்த அனுபவத்திலிருந்து சொல்கிறேன்.

முதலில், ரத்தம் ஏன் கட்டுகிறது. ருடோல்ப் விர்ஹோ என்ற ஜெர்மன் மருத்துவர் 1850களிலேயே இதை ஆராய்ந்தவர். அவர் பெயரில் இன்றும் மூன்று காரணங்கள் சொல்கிறோம்: ஓட்டம் மந்தமாவது, நாளத்தின் சுவர் காயப்படுவது, ரத்தமே சுலபமாக உறையும் தன்மைக்கு மாறுவது. இந்த ஒப்பரேஷனில் மூன்றும் ஒன்றாக வந்து சேர்கின்றன. துளை போட்டுச் செய்வதால் வயிற்றுக்குள் காபனீரொட்சைட்டு வாயு நிரப்புவார்கள். அந்த அழுத்தத்தில் கால்களிலிருந்து மேலே வர வேண்டிய ரத்தம் தாமதிக்கும். தலைப்பக்கத்தை உயர்த்திக் கட்டிலைச் சரித்து வைப்பதால் இன்னும் கொஞ்சம் காலிலேயே தேங்கும். வெட்டும் காயமும் உடம்பை உறைவு நிலைக்குத் தள்ளும். போதாக்குறைக்கு, அதிக கொழுப்புள்ள உடம்பில் ரத்தத்தை உறையவைக்கும் பொருட்கள் ஏற்கெனவே கூடுதலாக இருக்கும். பருமனான உடம்புக்கு, ஒப்பரேஷன் எதுவும் இல்லாமலே, ரத்தம் கட்டும் வாய்ப்பு மற்றவர்களைவிட இரண்டு மூன்று மடங்கு அதிகம்.

இந்தக் கடைசி விஷயத்தை மாமியிடமும் சொல்லுங்கள். ஒப்பரேஷன் செய்யாமல் இருப்பதாலும் ஆபத்து போய்விடாது. உங்கள் எடையை உயரத்தோடு கணக்குப் பார்த்தால் பி.எம்.ஐ (உயரத்துக்கேற்ற எடை அளவு) 46க்கு மேல் வருகிறது. 2022இல் திருத்திய சர்வதேச வழிகாட்டல்படி 35க்கு மேல் இருந்தாலே வேறு நோய் இல்லாவிட்டாலும் இந்தச் சிகிச்சையைப் பரிந்துரைக்கலாம். நம்மைப் போன்ற ஆசிய நாட்டவர்களுக்கு 27.5இலிருந்தே யோசிக்கலாம் என்கிறார்கள். உங்களுக்குச் சீனியும் பிரஷரும் கூடவே இருக்கின்றன. முதல் சில மாதங்கள் தாண்டி எடை இறங்கிவிட்டால், அதே எடையில் இருந்துவிட்டவர்களைவிட ரத்தம் கட்டும் வாய்ப்பும் குறைகிறது. அதாவது ஒரு மாத ஆபத்தைக் கவனமாகக் கடந்தால், வருஷக்கணக்கான ஆபத்து இறங்கும். அந்தக் கணக்கு எனக்குச் சரியாகவே படுகிறது.

எவ்வளவு ஆபத்து? இன்று நன்றாகச் செய்யப்படும் இடங்களில், எல்லா நோயாளிகளையும் சேர்த்துப் பார்த்தால், முதல் மாதத்தில் ரத்தம் கட்டுவது நூற்றுக்கு ஒருவரிலும் குறைவு. முன்பு கட்டியவர்களுக்கு அது பல மடங்கு கூடும். உங்களுக்கு எத்தனை மடங்கு என்பது உங்கள் கதையைப் பொறுத்தது. அதனால்தான் அந்த முதல் கட்டியைப் பற்றி டொக்டர்கள் துருவித் துருவிக் கேட்பார்கள்.

உங்கள் கட்டி பிள்ளைப்பேற்றோடும் சிசேரியனோடும் வந்தது. காரணம் தெரிந்து வந்த கட்டி. காரணம் இல்லாமல் திடீரென வந்தவர்களைவிட, இப்படி வந்தவர்களுக்குத் திரும்பக் கட்டும் வாய்ப்புக் குறைவு. அதனால்தான் ஆறு மாதத்தில் மருந்தை நிறுத்தினார்கள். காரணமே இல்லாமல் வந்திருந்தால் பலருக்கு மருந்தை நிறுத்துவதில்லை. ஆனால் ஒன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். உங்களுக்குக் கர்ப்பம் கலைந்தது உண்டா? அதுவும் ஒன்றுக்கு மேல், அல்லது மூன்று மாதம் தாண்டிய பிறகு? உண்டென்றால் மறைக்காமல் சொல்லுங்கள். ரத்தக்கட்டியும் கருச்சிதைவும் ஒரே பெண்ணுக்கு இருந்தால் ஆன்டிபொஸ்பொலிப்பிட் என்ற நோயிருக்கிறதா என்று ரத்தப் பரிசோதனை செய்வார்கள். அது இருந்தால் மருந்தின் தெரிவே மாறும். ரத்தம் உறையாமல் தடுக்கும் புது வகைக் குளிசைகளைவிட வார்பரின்தான் அவர்களுக்கு நம்பகமானது. அம்மா, அக்கா தங்கச்சிமாரில் யாருக்காவது இளவயதில் கால் வீங்கி ரத்தம் கட்டியிருந்தால் அதையும் சொல்லுங்கள். "அது எங்க அம்மா கதை, எனக்கில்ல" என்று விட்டுவிட வேண்டாம்.

கட்டி வந்து மூன்று மாதம் ஆகாதவர்களுக்கு அவசரமில்லாத எந்த ஒப்பரேஷனையும் தள்ளிப்போட வேண்டும். உங்களுக்கு ஆறு வருஷம் ஆகிவிட்டதால் அந்தத் தடை இல்லை.

வலை பற்றிக் கேட்டீர்கள். வயிற்றின் பெரிய நாளத்தில் வைக்கும் வடிகட்டி அது. காலிலிருந்து கழன்று வரும் கட்டியை நுரையீரலுக்குப் போகவிடாமல் பிடிக்கத்தான் வைப்பார்கள். கேட்க நல்ல யோசனைதான், ஒரு காலத்தில் முன்பு கட்டியவர்களுக்கெல்லாம் சில இடங்களில் வைத்தார்கள். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் இரைப்பை பைபாஸ் (இரைப்பையைச் சிறிதாக்கிக் குடலோடு இணைக்கும் இன்னொரு எடை குறைக்கும் ஒப்பரேஷன்) செய்துகொண்டவர்களில் வடிகட்டி வைத்தவர்களையும் வைக்காதவர்களையும் ஒப்பிட்டு 2010இல் வெளியிட்டார்கள். வைத்தவர்களுக்கு நன்மை தெரியவில்லை, அந்த வடிகட்டியாலேயே வந்த தொல்லைகள்தான் தெரிந்தன. இடம் நகர்வது, அதற்குள்ளேயே ரத்தம் கட்டுவது, எடுக்க வேண்டிய நேரத்தில் எடுக்க முடியாமல் போவது என்று பலதும் உண்டு. இன்று உடம்பில் புதுக் கட்டி இருந்து, ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்தும் கொடுக்க முடியாது என்ற இக்கட்டில்தான் அதை யோசிக்கிறார்கள். உங்கள் நிலைமை அதுவல்ல. யாராவது வழக்கமாக எல்லாருக்கும் வைப்போம் என்று சொன்னால், ஏன் என்று ஒருக்கா கேளுங்கள்.

உங்களை உண்மையில் காக்கப்போவது மூன்று விஷயம்: ஊசி, நடை, தண்ணீர்.

ஊசி என்றால் ஹெப்பரின் வகை, இங்கே பெரும்பாலும் இனொக்ஸபரின், கிளெக்சேன் என்ற பெயரிலும் கிடைக்கும். சாதாரண எடையுள்ளவர்களுக்கு ஒப்பரேஷன் காலத்தில் நாளுக்கு ஒருதரம் 40 மில்லிகிராம். உங்கள் எடைக்கு அது போதாமல் போகலாம். பல இடங்களில் நாளுக்கு இரண்டுதரம் 40 கொடுக்கிறார்கள், பி.எம்.ஐ 50ஐத் தாண்டினால் அதற்கும் மேல். சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று பார்த்துத்தான் அளவு தீர்மானிப்பார்கள், சீனி வருத்தம் உள்ளவருக்கு அது முக்கியம். வார்டில் இருக்கும் இரண்டு மூன்று நாளுக்கு எல்லா இடத்திலும் கொடுப்பார்கள். உங்களுக்கு வேண்டியது அதற்குப் பிறகும் வீட்டில் தொடர்வது, பொதுவாக நான்கு வாரம் வரை. இதைத்தான் எழுத்தில் வாங்க வேண்டும் என்றேன். வீட்டுக்கு அனுப்பும்போது தரும் டயக்னோசிஸ் கார்டில் மூன்று விஷயம் தெளிவாக இருக்கட்டும்: முன்பு கால் நாளத்திலும் நுரையீரலிலும் ரத்தம் கட்டியது, ஊசியின் அளவும் நேரமும், நிறுத்தும் திகதி. அந்தக் கார்டைப் பார்த்தால் தோட்ட டிஸ்பென்சரியில் இருப்பவருக்கும் லிந்துலையில் நள்ளிரவில் உங்களைப் பார்க்கும் டொக்டருக்கும் விஷயம் உடனே புரியும்.

ஊசியை நீங்களே போடலாம், கணவரும் பழகலாம். வார்டிலேயே மிஸ்ஸியின் முன்னால் ஒருதரம் போட்டுக் காட்டிவிட்டு வாருங்கள். தொப்புளிலிருந்து இரண்டு அங்குலம் தள்ளி, வயிற்றின் பக்கவாட்டில், ஒப்பரேஷன் துளைகளுக்குக் கிட்டப் போகாமல் இடம் பாருங்கள். இரண்டு விரலால் தோலைத் தூக்கிப் பிடித்து, ஊசியை நேராக, முழுதாக உள்ளே விடுங்கள். மருந்து ஏற்றி வரும் சிரிஞ்சில் ஒரு சின்னக் காற்றுக் குமிழ் தெரியும், முழு சிரிஞ்சையும் போடுகிறவர்கள் அதை வெளியேற்றத் தேவையில்லை. மெதுவாகச் செலுத்தி, ஊசியை எடுத்த பிறகுதான் பிடித்த தோலை விட வேண்டும். இடத்தைத் தேய்க்கக் கூடாது, தேய்த்தால் நீலம் பாயும். காலையில் வலது பக்கமென்றால் இரவில் இடது பக்கம். ஒரு சின்ன நீலத்தடம் வந்தால் பயப்பட வேண்டாம். ஃபிரிட்ஜ் தேவையில்லை, 25 பாகைக்குக் கீழே இருந்தால் போதும், உறைய மட்டும் விடக்கூடாது. தலவாக்கலைக் குளிருக்கு அலுமாரியே போதும், அடுப்பு மூட்டும் பக்கம் வைக்காதீர்கள். பாவித்த ஊசிகளை மூடியுள்ள தடித்த பிளாஸ்டிக் போத்தலில் சேர்த்து, கிளினிக் போகும்போது கொண்டுபோய்க் கொடுங்கள். குப்பையில் போட்டால் பிள்ளைகளின் காலில் ஏறும்.

2022இல் நாடு பட்ட பாட்டில் வைத்தியசாலைகளில் மருந்து இல்லாமல் போனதை நாம் எல்லாரும் பார்த்தோம். ஆகவே நான்கு வாரத்துக்கான முழு ஊசியும் கையில் இருந்தால்தான் வீட்டுக்குப் புறப்பட வேண்டும். பாதி கொழும்பில், மீதி ஹட்டன் பார்மசியில் பார்ப்போம் என்று கிளம்ப வேண்டாம். செலவையும் முன்கூட்டியே விசாரியுங்கள், ஒப்பரேஷன் காசை மட்டும் சேர்த்துவிட்டு ஊசிக்கு இல்லாமல் நிற்கக் கூடாது.

இந்த மருந்து ரத்தம் கசிவதையும் கூட்டும், அதுதான் மறுபக்கம். உள்ளே தையல் போட்ட இடம் கசியலாம். அதனால் ஒப்பரேஷனுக்கு முன்பே ஹீமோகுளோபின் பாருங்கள். நம் தோட்டத்துப் பெண்களில் ரத்தசோகை எவ்வளவு பேருக்கு இருக்கிறது என்பது உங்களுக்கும் தெரியும். குறைந்த ரத்தத்தோடு தியேட்டருக்குப் போனால், சின்னக் கசிவும் பெரிய நட்டம். இரண்டு மூன்று மாதம் இரும்புச்சத்து எடுத்து ஏற்றிக்கொண்டு போகலாம், அவசரமில்லை. வீட்டில் மலம் தார் போலக் கறுத்தால், வாந்தியில் ரத்தம் வந்தால், எழும்பினால் தலை சுற்றினால் உடனே ஆஸ்பத்திரி. இரும்புக் குளிசையும் மலத்தைக் கறுப்பாக்கும், ஆனால் அது தார் மாதிரி ஒட்டி நாறாது. வலிக்கு டைக்ளோபெனாக், ஐபுப்ரோபென் வகைகளைக் கையில் எடுக்கவே வேண்டாம். வலிக்கு டிஸ்பென்சரியில் குளிசை கேட்கும்போதே ஒப்பரேஷன் விஷயத்தைச் சொல்லுங்கள். அந்த நான்கு வாரம் கொழுந்து மலைப்பக்கம் போனால், அட்டை கடித்த இடமும் வழக்கத்தைவிட நேரமெடுத்துத்தான் நிற்கும். அட்டையின் எச்சிலிலேயே ரத்தம் உறையாமல் தடுக்கும் பொருள் இருக்கிறது. சுத்தத் துணியால் பத்துப் பதினைந்து நிமிஷம் விடாமல் அழுத்திப் பிடியுங்கள்.

நடை. மயக்கம் தெளிந்த அன்றே, சில மணி நேரத்தில், கட்டிலிலிருந்து இறங்கி நிற்கச் சொல்வார்கள். வலிக்கும்தான். ஆனாலும் இறங்குங்கள். கெண்டைக்காலின் தசைதான் ரத்தத்தை மேலே தள்ளும் பம்பு. தியேட்டரிலும் வார்டிலும் காலில் காற்றடித்துச் சுருங்கி விரியும் உறை மாட்டுவார்கள், தொல்லை என்று கழற்றிப் போடாதீர்கள். வீட்டுக்கு வந்த பிறகுதான் நம் வழக்கம் குறுக்கே வரும். ஒப்பரேஷன் செய்தவள் என்றால் கம்பளியைப் போர்த்திப் படுக்கவைத்து, எல்லாம் கையில் கொண்டுவந்து கொடுப்பார்கள். அன்பினால்தான். ஆனால் உங்களுக்கு அது நல்லதல்ல. விழித்திருக்கும் நேரத்தில் மணிக்கொருதரம் எழும்பி, லயத்து வாசலில் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஐந்து நிமிஷம் நடந்தால் போதும். படி ஏறலாம், மெதுவாக. தண்ணீர்க் குடம், விறகுக்கட்டு, கூடை எதையும் ஆறு வாரத்துக்குத் தூக்கக் கூடாது.

தண்ணீரை நான் மூன்றாவதாகச் சொன்னாலும், வீட்டில் தவறுவது பெரும்பாலும் அதுதான். ஸ்லீவில் இரைப்பையின் முக்கால் பங்குக்கு மேல் எடுத்துவிடுவார்கள். மீதமிருக்கும் குழாயில் ஒருதரம் குடிக்கக்கூடியது கொஞ்சம்தான். ஆனால் நாளுக்கு ஒன்றரை லீற்றராவது உள்ளே போக வேண்டும். மலைக்குளிரில் தாகமே தெரியாது. மிடறு மிடறாக, நாள் முழுக்கக் குடித்தால்தான் கணக்கு வரும். ஒன்றரை லீற்றர் போத்தலொன்றைக் காலையில் நிரப்பி வைத்து, இரவுக்குள் காலியாகிறதா பாருங்கள். சீனி போடாத சாயத்தண்ணியும் அதில் சேரும், ஆனால் அதை மட்டுமே நம்ப வேண்டாம். சிறுநீர் கடுமஞ்சளாகப் போனால் போதவில்லை என்று அர்த்தம். வாந்தி நிற்காமல் ஒரு நாளைத் தாண்டினால் ஆஸ்பத்திரிக்குப் போய் சேலைன் ஏற்றுங்கள். உடம்பு வற்றினால் ரத்தம் கெட்டியாகும். அதோடு, தொடர் வாந்தியில் பி1 விற்றமின் இறங்கி நரம்பையும் மூளையையும் தாக்கும்.

வற்றுவதோடு இன்னொரு ஆபத்தும் சேர்ந்திருக்கிறது, அதைப் பலர் சொல்வதில்லை. ஸ்லீவுக்குப் பிறகு அபூர்வமாக, குடலிலிருந்து கல்லீரலுக்குப் போகும் நாளத்தில் ரத்தம் கட்டும். கால் வீங்காது, மூச்சும் வாங்காது. இரண்டாம் மூன்றாம் வாரத்தில் வயிறு மந்தமாக வலிக்கும், குமட்டும், லேசாகக் காய்ச்சல் காயும். கேஸ் என்று சொல்லி ஓமத்தண்ணி குடித்துவிட்டு இருப்பார்கள். உங்கள் கதை உள்ள ஒருவருக்கு அப்படி வலி வந்தால், சி.டி ஸ்கேன் எடுக்கச் சொல்லிக் கேட்கும் உரிமை உங்களுக்கு இருக்கிறது. "எனக்கு முன்னும் ரத்தம் கட்டியிருக்கு" என்ற ஒரு வாக்கியத்தை எந்தக் கட்டிலிலும், எந்த டொக்டரிடமும் முதலில் சொல்லுங்கள். சிங்களத்தில் சொல்லத் தெரியாவிட்டால் டயக்னோசிஸ் கார்டை நீட்டுங்கள்.

காலைப் பற்றி. ஒருதரம் கட்டிய கால் பிறகும் கொஞ்சம் தடிப்பாகவே இருக்கலாம், பின்னேரத்தில் கனக்கும். ஆகவே ஒப்பரேஷனுக்குப் பிறகு வீங்கினால் அது பழைய வீக்கமா புதியதா என்று குழப்பம் வரும். அதற்கு ஒரு எளிய வழி இருக்கிறது. தையல்காரரின் அளவு நாடா ஒன்றை எடுத்து, முழங்காலுக்குக் கீழே முன்எலும்பில் கைக்குத் தட்டுப்படும் மேட்டிலிருந்து பத்து சென்ரிமீற்றர் கீழே இரண்டு கெண்டைக்காலையும் அளந்து, திகதியோடு கிளினிக் கொப்பியில் எழுதி வையுங்கள். ஒப்பரேஷனுக்கு முதல் வாரம் ஒன்று, பிறகு இரண்டு நாளைக்கு ஒருதரம், காலையில் எழும்பிய உடனே. பழைய அளவைவிட இடது கால் மூன்று சென்ரிமீற்றர் கூடினாலோ, கூடாமலே சூடாகி வலித்தாலோ காட்ட வேண்டும். அதேபோல் ஒப்பரேஷனுக்கு முன் இரண்டு காலுக்கும் ரத்த ஓட்டத்தைப் பார்க்கும் ஒரு டொப்ளர் ஸ்கேன் எடுத்துத் தரச் சொல்லிக் கேளுங்கள். பழைய கட்டியின் தழும்பு எங்கே இருக்கிறது என்று பதிவாகியிருந்தால், பிறகு எடுக்கும் ஸ்கேனோடு ஒப்பிட்டுப் புதியதைக் கண்டுபிடிப்பது சுலபம்.

திடீரென மூச்சு வாங்குவது, மூச்சை இழுக்கும்போது நெஞ்சில் குத்துவது, சளியில் ரத்தம், மயக்கம், உட்கார்ந்திருக்கும்போதே நெஞ்சு படபடவென அடிப்பது — இதில் ஒன்று வந்தாலும் டிஸ்பென்சரியில் நேரம் போக்காமல் 1990க்கு அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸுக்குக் காசில்லை. தையல் கசிந்தாலும் இதே படபடப்பு வரும். எது என்று வீட்டில் பிரித்தறிய முடியாது, அறிய முயலவும் வேண்டாம். மழைக்காலத்தில் மண்சரிந்து பாதை மூடும் இடம் நம்முடையது. உங்கள் தோட்டத்திலிருந்து நுவரெலியாவுக்குப் போவதா டிக்கோயாவுக்குப் போவதா, ஒரு பாதை மூடினால் மற்றது எது என்று கணவர் முதலே யோசித்து வைத்திருக்கட்டும். கடும் மழை மாதங்களைத் தவிர்த்துத் திகதி கேட்பதில் தப்பே இல்லை.

வீடு திரும்பும் பயணமும் இதில் சேரும். மூன்றாம் நாள் துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பியதும் கோட்டையிலிருந்து ரயிலேறி ஆறு மணி நேரம் அசையாமல் உட்கார்ந்து வருவதை நான் விரும்பவில்லை. வத்தளையிலோ கொட்டாஞ்சேனையிலோ வெள்ளவத்தையிலோ வேலை செய்யும் சொந்தக்காரர் யாராவது இருப்பார்கள். முதல் கிளினிக் முடியும்வரை அங்கே தங்குங்கள். பிறகு வேனில் வரலாம். அவிசாவளை, கித்துல்கலை, கினிகத்தேனை என்று மணிக்கொருதரம் நிறுத்தி, இறங்கி நடந்து, கொஞ்சம் தண்ணீர் குடித்து ஏறுங்கள். உட்கார்ந்திருக்கும்போதும் பாதத்தை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டே வாருங்கள்.

கருத்தடை பற்றியும் சொல்ல வேண்டும், வெட்கப்பட்டு விடக்கூடிய விஷயமில்லை. ஈஸ்ட்ரஜன் கலந்த மிதுரி போன்ற குளிசைகள் உங்களுக்கு எந்தக் காலத்திலும் சரிவராது, அவை ரத்தம் கட்டுவதைக் கூட்டும். மூன்று மாத ஊசி போடுகிறீர்கள் என்றால் அதையும் நிபுணரிடம் சொல்லிக் கேளுங்கள். ஒப்பரேஷனுக்குப் பிறகு பன்னிரண்டிலிருந்து பதினெட்டு மாதம் வரை கர்ப்பம் தரிக்கக் கூடாது, எடை குறையக் குறைய கருத்தரிக்கும் வாய்ப்பும் கூடும். செம்பு லூப் உங்களுக்குப் பொருந்தும். மிட்வைப் அம்மாவிடம் முதலே பேசுங்கள். பிறகு ஒரு பிள்ளை வேண்டுமென்றால் பெறலாம், ஆனால் கர்ப்பம் தெரிந்த உடனே கிளினிக்கில் பழைய கட்டியைச் சொல்ல வேண்டும், ஊசி தொடங்குவார்கள்.

ஆயுசு முழுக்க மருந்தா என்றால், ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து உங்களுக்குப் பெரும்பாலும் அந்த நான்கு வாரத்தோடு முடியும். விற்றமின், இரும்பு, கல்சியம், பி12 ஆகியவைதான் ஆயுசுக்கும்.

இதே கேள்வியோடு, இப்போதும் மருந்து குடித்துக்கொண்டிருப்பவர்கள் இதைப் படிக்கக்கூடும், அவர்களுக்காகவும் சொல்லிவிடுகிறேன். வார்பரின் குடிப்பவர்கள் வழக்கமாக ஐந்து நாளைக்கு முன் நிறுத்துவார்கள், தேவைப்பட்டால் இடையில் ஊசி. ஒப்பரேஷனுக்கு முன் கல்லீரலைச் சுருக்க இரண்டு வாரம் குறைந்த சாப்பாடு கொடுப்பார்களே, அப்போதே ஐ.என்.ஆர் (வார்பரின் எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை) மாறத் தொடங்கும். ஒப்பரேஷனுக்குப் பிறகு கீரையும் கோவாவும் போஞ்சியும் வயிற்றுக்குள் போகாததால் கே விற்றமின் குறைந்து, பழைய அளவு வார்பரினே கூடிப்போகும். முதல் சில வாரம் குறைந்த அளவே போதும், சாப்பாடு ஏற ஏற மருந்தும் ஏறும். மாதத்துக்கு ஒருதரம் ஐ.என்.ஆர் பார்த்தவர்கள் அந்தக் காலத்தில் வாரத்துக்கு ஒன்று இரண்டு தரமாவது பார்க்க வேண்டும். ரிவரொக்ஸபான், அபிக்ஸபான் போன்ற புதுக் குளிசைகள் இரைப்பையிலும் குடலின் மேற்பகுதியிலும்தான் நன்றாக உறிஞ்சப்படும். ரிவரொக்ஸபானின் 15, 20 மில்லிகிராம் குளிசைகளைச் சாப்பாட்டோடுதான் விழுங்க வேண்டும். இரைப்பையே போய், கரண்டிக் கணக்கில் சாப்பிடும் நாட்களில் அது எவ்வளவு ரத்தத்தில் சேரும் என்று சொல்ல முடியாது. ஆகவே முதல் நான்கு வாரமாவது ஊசியில் வைத்து, பிறகு வார்பரினுக்கோ, ரத்தத்தில் மருந்தின் அளவைப் பார்க்க வசதியிருந்தால் புதுக் குளிசைக்கோ மாற்றுவதுதான் 2021இல் வந்த சர்வதேச வழிகாட்டல் சொல்லும் வழி. இவர்கள் ஸ்லீவா பைபாஸா என்று யோசிக்கும்போது ஸ்லீவின் பக்கம் சாய்வது நல்லது என்பது என் எண்ணம். பைபாஸில் இணைத்த இடத்தில் புண் வரலாம், ரத்தம் உறையாத மருந்தோடு அந்தப் புண் கசிந்தால் சிரமம்.

தங்கச்சி, அடுத்த கிளினிக்குக்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். ஆறு வருஷத்துக்கு முந்திய டயக்னோசிஸ் கார்ட், டொப்ளர் ரிப்போர்ட், நுரையீரல் ஸ்கேன், வார்பரின் கொப்பி நான்கையும் தேடி எடுங்கள். வீட்டில் இல்லாவிட்டால், அப்போது தங்கியிருந்த வைத்தியசாலையின் ரெக்கோர்ட் ரூமில் அனுமதித்த திகதியையும் வார்டையும் சொல்லிக் கேளுங்கள். பிள்ளையின் பிறப்புச் சாட்சிப்பத்திரத்தில் பிறந்த திகதி இருக்கும், அதிலிருந்து இரண்டாம் வாரம் என்று கணக்கு வைத்தால் தேடுபவருக்கு வேலை குறையும். அவற்றின் போட்டோப் பிரதியை சத்திரசிகிச்சை நிபுணருக்கு ஒன்று, மயக்க மருந்து டொக்டருக்கு ஒன்று என்று கொண்டுபோங்கள். முடிந்தால் மாமியையும் கூட்டிக்கொண்டு போய், அவர் பயத்தை டொக்டரிடமே நேரில் கேட்க விடுங்கள்.